மரத்துலயே கீல் செஞ்ச மனுஷன்

எங்க வீட்டு பாத்ரூம் கதவு கீல் கழண்டு ஆறு மாசம் ஆச்சு. நாலு ஸ்க்ரூ மேட்டர்தான், ஆனா கார்பென்டர் அண்ணன் "இந்த ஞாயித்துக்கிழம வரேன் தம்பி"ன்னு சொல்லிட்டே இருக்கார், நாங்களும் கதவ தூக்கித் தூக்கி சாத்திட்டு இருக்கோம். இந்த லட்சணத்துல நான் நேத்து ராத்திரி மறுபடியும் டிக் ப்ரெனிக்கி வீடியோ பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

தெரியாதவங்களுக்கு: 1916ல அமெரிக்கால அயோவா பக்கம் பொறந்தவர். ரெண்டாம் உலகப்போர் டைம்ல நேவில கார்பென்டர், அப்புறம் டீசல் மெக்கானிக், அலாஸ்கால கனரக வண்டி ஓட்டுனது, சால்மன் மீன் பிடிச்சதுன்னு பாக்காத வேலை இல்ல. 1968ல, 50 வயசு தாண்டினப்புறம், அலாஸ்கால ட்வின் லேக்ஸ்ங்கற ஏரிக்கரைல தன் கையாலயே ஒரு மரவீடு கட்டிக் குடியேறிட்டார். ரோடு கெடையாது, கரண்ட் கெடையாது, தண்ணில எறங்குற குட்டி ப்ளேன் வந்தாதான் லெட்டரும் மளிகையும்.

ரீல்ஸ்ல இவர போட்டு சோக மியூசிக் ஓட்டி "எல்லாத்தையும் உதறிட்டு காட்டுக்குப் போன மனிதன்"னு எழுதுறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு கடுப்பாகுது. கீழ கமெண்ட்ல நூறு பேரு "நானும் ரிசைன் பண்ணப் போறேன் ப்ரோ". டேய், ஆணி அடிக்கத் தெரியுமாடா உனக்கு? (எனக்கும் தெரியாது, அதான் மேலயே சொல்லிட்டேனே.) அவர் எதையும் உதறிட்டுப் போகல, முப்பது வருஷமா கைல ஏறின தொழில தூக்கிட்டுப் போனார். முந்தின வருஷம், 1967 கோடைலயே ஸ்ப்ரூஸ் மரத்த வெட்டி, பட்டை உரிச்சு, காயப்போட்டுட்டு வந்துட்டார், அடுத்த மே மாசம் போய்தான் வேலையவே ஆரம்பிச்சார். வெயிட் கொறையட்டும்னு சில டூல்ஸுக்கு வெறும் இரும்ப மட்டும் கொண்டுபோய், கைப்பிடிய அங்கயே செதுக்கிக்கிட்டார். பெட்ரோல் டின்ன வெட்டி பாத்திரம் செஞ்சுக்கிட்டார். கதவுக்கு கீலும் மரம், தாழ்ப்பாளும் மரம். வீடு மொத்தமே சுமார் 11க்கு 15 அடி, நம்ம ஊர் பெட்ரூம் சைஸ்தான், ஆனா மூலைல கட்டை மேல கட்டை போய் உக்காருற அந்த வெட்டு இருக்கே, நான் அத மட்டும் ரிவைண்ட் பண்ணி நாலு தடவ பாத்தேன். இது எல்லாத்தையும் ட்ரைபாட்ல கேமராவ வச்சு, நடந்து போய் வேலை செஞ்சு, திரும்பி வந்து ஆஃப் பண்ணி, அவரே எடுத்திருக்கார்.

வேட்டைக்காரங்க மேல அவருக்கு செம கோவம். கொம்புக்காக மிருகத்த சுட்டுட்டு கறிய அப்படியே போட்டுட்டுப் போறவங்கள அவரால தாங்கவே முடியல, அவங்க விட்டுட்டுப் போனத எடுத்து வந்து சமைச்சிருக்கார். தொழில் தெரிஞ்சவனுக்குத்தான் வீணாக்குறது அவ்ளோ வலிக்கும்னு எனக்குத் தோணுது, எங்க கார்பென்டர் அண்ணன் கூட வெட்டின ரீப்பர் துண்டக் கீழ போட விடமாட்டார்.

கிட்டத்தட்ட முப்பது வருஷம் அங்கயே இருந்துட்டு, 82 வயசுல குளிர் தாங்காம கலிஃபோர்னியால இருக்கற தம்பி வீட்டுக்குப் போனார், 2003ல காலமானார். வீட்ட அமெரிக்க அரசோட தேசியப் பூங்கா துறைக்கே (பார்க் சர்வீஸ்) குடுத்துட்டார், இப்பவும் அத பாதுகாத்து வச்சிருக்காங்க, ஜனங்க ப்ளேன்ல போய் பாத்துட்டு வராங்க.

சரி, அண்ணனுக்கு இப்பதான் போன் போட்டேன். ஞாயித்துக்கிழமயாம்.