தொட்டியின் அடியில் சரளைக்கல் தேவையில்லை
தொட்டியின் அடியில் சரளைக்கல்லைப் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று தொட்டிச் செடி வளர்ப்பு பற்றிய ஒரு கட்டுரையில் கூறப்பட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. நுண்ணிய துளைகள் கொண்ட மண், தன்னிடமுள்ள நீரைப் பெரிய இடைவெளிகள் கொண்ட கல்லடுக்குக்கு எளிதில் விடுவதில்லை. மண்ணின் அடிப்பகுதி முற்றிலும் ஊறிய பிறகே நீர் கீழே இறங்கும் என்பதால், ஈரம் தேங்கும் பகுதி வேர்களை நோக்கி மேலே உயர்ந்துவிடுகிறது. 15 செ.மீ. ஆழமே உள்ள சிறு தொட்டியில் 4 செ.மீ. கல்லுக்கே போய்விட்டால், செடிக்கு மிஞ்சும் இடம்தான் எவ்வளவு? நானும் கல் போட்டு வளர்த்து, வேரழுகலில் பல செடிகளை இழந்த பிறகே இதை உணர்ந்தேன். வடிகால் துளையின் மேல் ஒரு துண்டு வலையை வைத்து, மட்கிய உரமும் தென்னை நார்க்கழிவும் கலந்த இலகுவான மண்கலவையை அடிவரை நிரப்பினால் போதும்.