மனு பார்க்கப் போகிறவர்களைத் தடுக்காதீர்கள்

கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று எங்கள் பக்கம் எங்கே போனாலும் புழல் ஜெயிலுக்கு மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரை நேரில் பார்த்துப் பேச, போய்வருகிற ஒரு அம்மாவையோ அக்காவையோ பார்த்துவிடலாம். ஊர் அவர்களிடம் கேட்பது ஒரே கேள்விதான். "இன்னாத்துக்குமா அவன் பின்னாடி அலையுற, வுட்டுத் தள்ளு, பட்டாதான் திருந்துவான்." நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நல்லெண்ணத்தால் எத்தனை பிள்ளைகள் கையை விட்டுப் போனார்கள் என்பதை இங்கேயே பிறந்து வளர்ந்தவளாகப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வடசென்னை என்றாலே ரவுடி என்று நினைக்கிறவர்களுக்காக எழுதவில்லை. நமக்காக எழுதுகிறேன்.

என் தம்பி உள்ளே இருக்கிறான். என்ன கேஸ் என்று இங்கே எழுத மாட்டேன். அந்தப் பக்கமும் ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்களுடைய வலியை எடுத்து என் பதிவில் போட எனக்கு உரிமை இல்லை. அவன் செய்திருந்தால் அதற்கான தண்டனையை அனுபவிக்கட்டும், அதைக் கோர்ட் முடிவு செய்யட்டும். நான் போய் அவனைப் பார்ப்பது அவன் செய்ததற்குச் சர்டிஃபிகேட் கொடுப்பதாகாது. அவன் என் தம்பி, அவ்வளவுதான்.

சரி, நீங்கள் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவனைப் பார்க்க யாருமே வரமாட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? வருவார்கள். ஏரியாவில் ஒரு 'அண்ணன்' இருப்பார். கேண்டீன் செலவுக்கு அவர் பணம் கட்டுவார், அவரே வக்கீல் வைப்பார், ஜாமீன் கையெழுத்துப் போட ஷூரிட்டிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பார், பெயில் கிடைத்து வெளியே வருகிற அன்று கேட்டுக்கு எதிரே பைக்கோடு நிற்கப்போவதும் அவருடைய ஆட்கள்தான். அப்புறம் அந்தப் பையன் யாருக்குக் கடன்பட்டவன்? சின்னத் திருட்டுக்கு உள்ளே போனவன் பெரிய கேஸில் மாட்டிக்கொண்டு திரும்பவும் போவது இப்படித்தான். பட்டால் திருந்துவான் என்று வீடு ஒதுங்கிக்கொண்டால், அந்த இடத்துக்கு வருகிறவர்கள் அவனைத் திருத்துவதற்காக வருவதில்லை. நான் வாராவாரம் புழலுக்குப் பஸ் ஏறுவதற்கு முதல் காரணம் இது. பாசமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பார்க்கப் போவதை ஏதோ சலுகை கேட்டு நிற்பதாக நினைத்து நம் வீட்டுப் பெண்கள் கூனிக் குறுகிப் போகிறார்கள். அது தேவையே இல்லை. 1981இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சிஸ் கோராலி முல்லின் என்ற பெண் டெல்லியில், விசாரணை இல்லாமலே அடைத்து வைக்கிற தடுப்புக் காவலில் இருந்தார். அவருடைய ஐந்து வயது மகளை வளர்த்து வந்தவர் அவருடைய சகோதரி. தடுப்புக் காவலில் இருப்பவர் மாதத்துக்கு ஒரு தடவைதான் வீட்டாரைப் பார்க்கலாம் என்று அங்கே விதி, விசாரணைக் கைதிகளுக்கோ வாரம் இரண்டு தடவை. அந்த விதி செல்லாது என்று நீதிபதி பகவதி தீர்ப்பு எழுதினார். அடைத்து வைக்கப்பட்டவர் குடும்பத்தையும் நண்பர்களையும் பார்ப்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தருகிற வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றார். அக்கா தங்கையைப் பார்க்கப் போவதற்காக நாட்டின் மிகப் பெரிய கோர்ட் தீர்ப்பு எழுதியிருக்கிறது என்றால், ஆதார் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது நாம் ஏன் தலை குனிய வேண்டும்?

என்ன பேசுவது என்பதுதான் பலருக்குப் பெரிய கஷ்டம். இருக்கிற கொஞ்ச நேரத்தில் பாதி அழுகையில் போகிறது, மீதி திட்டுவதில் போகிறது. திட்ட வேண்டும்தான், ஆனால் அதை அவன் வெளியே வந்த பிறகு உட்கார வைத்துப் பேசிக்கொள்ளலாம். உள்ளே இருப்பவனுக்கு வீடு வேண்டும். தெருவில் தண்ணீர் லாரி வந்ததா, கேஸ் சிலிண்டர் வந்ததா, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதா, காசிமேட்டில் வஞ்சிரம் என்ன விலைக்கு விற்றது, இதெல்லாம் நமக்கு ஒன்றுமே இல்லை. அவனுக்கோ ஒரு வாரத்துக்கு அசை போட அதுதான் இருக்கிறது. போன தடவை கேட்டானே என்று ஞாபகம் வைத்துப் பதில் சொல்லுங்கள், அதில் அவன் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கேஸில் நடந்தது என்ன, யார் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் மனுவிலும் பேசாதீர்கள், கடிதத்திலும் எழுதாதீர்கள். கடிதங்களை அதிகாரிகள் படித்த பிறகுதான் உள்ளே கொடுப்பார்கள். அந்தப் பேச்சு வக்கீலோடு மட்டும் இருக்கட்டும்.

கடிதம் என்றதும் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்பார்கள். எழுதிப் பாருங்கள். நேரில் பார்த்தது அன்றோடு முடிந்துபோகும், கடிதத்தை அவன் மடித்து வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரி எடுத்துப் படிப்பான். எங்கள் அம்மாவுக்கு எழுத வராது, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், "நல்லா சாப்டு, வம்பு தும்புக்குப் போவாத" என்பதை அப்படியே அவர் வாயில் வந்த மாதிரியே எழுதுவேன்.

அடுத்தது, உண்மையைச் சொல்லுங்கள். அப்பாவுக்கு ஆபரேஷன், வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், தங்கைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியவில்லை என்று எதுவாக இருந்தாலும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் அவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான், அப்புறம் உள்ளதைவிடப் பத்து மடங்காக நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடப்பான். இதில் சட்டமும் இருக்கிறது. தண்டனைக் கைதி என்றால் நெருங்கிய சொந்தத்தில் சாவோ ஆபத்தான நோயோ வந்தால் அவசர விடுப்பு கேட்க தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு விதிகளிலேயே வழி இருக்கிறது. விசாரணைக் கைதி என்றால் கோர்ட்டில் இடைக்கால ஜாமீன் கேட்க வேண்டும். மனசு உடைந்துபோவான் என்று பெற்ற தகப்பன் செத்ததைக்கூட மறைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குக் கடைசி முகம் பார்க்கிற வாய்ப்பும் போய்விட்டது. அதை அவன் இன்று வரை மன்னிக்கவில்லை.

குழந்தைகளிடமும் அப்படித்தான். அப்பா துபாய்க்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைக்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு சண்டையில் "உங்கப்பன் ஜெயில்ல இருக்கான்டா" என்று கத்தும்போது அது தெரியவரும். அதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது மேல். அப்பா ஒரு தப்பில் மாட்டிக்கொண்டார், கோர்ட் முடிவு செய்கிற வரைக்கும் அங்கே இருக்க வேண்டும், உன்மேல் அவருக்குப் பிரியம் குறையவில்லை, இதற்கு நீ காரணம் இல்லை. இவ்வளவு போதும். அந்தக் கடைசி வார்த்தையைக் கட்டாயம் சொல்லுங்கள், பிள்ளைகள் அப்படித்தான் நினைத்துக்கொள்கின்றன.

இனி கேஸ் விஷயம். இந்த நாட்டில் உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. 2022 கணக்குப்படி நாடு முழுக்கச் சிறையில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதனால் போய்ப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அவனுக்காகத் தேதியைப் பார்த்துக்கொண்டிருப்பதும் வீட்டின் வேலைதான். நாங்கள் முதலில் பணம் கொடுத்த வக்கீல் ஒருவர் வாய்தா எப்போது என்றுகூடச் சொல்லாமல் இழுத்தடித்தார். இப்போது யாரையும் கேட்டு நிற்பதில்லை. ஒவ்வொரு கேஸுக்கும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சிஎன்ஆர் நம்பர் உண்டு, அதை வாங்கி இகோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் அடுத்த தேதி தெரிந்துவிடும். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் மீட்டர் வட்டிக்கு வாங்காதீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி காவலில் இருக்கும் யாருக்கும் இலவச வக்கீல் உண்டு, அவர்கள் ஏழையா பணக்காரரா என்று பார்ப்பதில்லை. 15100க்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

இன்னொன்றை எல்லா அம்மாக்களும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். கேஸின் கடுமையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால் ஜாமீன் கேட்பது அவனுடைய உரிமை. கஞ்சா கேஸில் பெரிய அளவு பிடிபட்டிருந்தால் மட்டும் 180 நாள், அதை நீட்டிக்கவும் முடியும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், நாள் தாண்டியதும் உடனே கோர்ட்டில் ஜாமீன் மனு போட வேண்டும், அதற்குள் குற்றப்பத்திரிகை போட்டுவிட்டால் அந்த வழி அடைந்துவிடும். காலண்டரில் குறித்து வையுங்கள். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பிஎன்எஸ்எஸ்) 479ஆவது பிரிவின்படி, தூக்கோ ஆயுளோ இல்லாத கேஸில் முதல் தடவை மாட்டினவன் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விட வேண்டும், மற்றவர்களுக்குப் பாதி. நல்ல சட்டம்தான். ஆனால் ஒருத்தன்மேல் ஒன்றுக்கு மேல் கேஸ் நிலுவையில் இருந்தால் இது பொருந்தாது என்று அதே பிரிவில் போட்டிருக்கிறார்கள், எங்கள் பக்கத்துப் பையன்களில் பலருக்கு நாலைந்து கேஸ் தொங்கிக்கொண்டிருக்கும், ஆக யாருக்கு ரொம்பத் தேவையோ அவர்களுக்கே கதவைச் சாத்தியிருக்கிறது. இது எனக்குக் கோபம் வருகிற விஷயம். இதைப் பற்றி வக்கீல் சங்கங்கள் இன்னும் சத்தமாகப் பேச வேண்டும்.

பெயில் கிடைத்தும் வெளியே வர முடியாமல் கிடப்பவர்கள் தனி. ஷூரிட்டிக்கு வீட்டு வரி ரசீது கேட்டால் ஹவுசிங் போர்டில் வாடகைக்கு இருப்பவர்கள் எங்கே போவார்கள்? இதற்கும் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் வழி சொல்லியிருக்கிறது. ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளில் வெளியே வராதவர்களைப் பற்றிச் சிறை நிர்வாகம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும், ஒரு மாதம் ஆகியும் ஷூரிட்டி கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவதைக் கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம். இதைச் சொல்லிக் கேளுங்கள். குண்டாஸ் (குண்டர் தடுப்புச் சட்டம்) போட்டுவிட்டார்களா, ஒரு வருஷம் அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அரசுக்கு உடனே எழுத்தில் மனு அனுப்புங்கள். அந்த மனுவைக் காரணமில்லாமல் தாமதமாகப் பரிசீலித்தாலே ஐகோர்ட்டில் உத்தரவு ரத்தாக வாய்ப்பிருக்கிறது.

இத்தனையும் யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். மனு வரிசையில் நிற்பவர்களில் எனக்குத் தெரிந்து முக்கால்வாசிப் பேர் பெண்கள். வீட்டு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறவர்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது இவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று ஏசி அறையில் உட்கார்ந்து இலவசத்தைக் கிண்டல் செய்கிறவர்களுக்குத் தெரியாது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991இல் கைதான மகன் பேரறிவாளன் 2022 மே 18ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தால் விடுதலையாகும் வரை அலைந்த அற்புதம்மாளை எல்லோருக்கும் தெரியும். பெயர் தெரியாத அற்புதம்மாள்கள் ஒவ்வொரு சந்திலும் இருக்கிறார்கள். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று கல்யாணத்துக்கு வேன் பிடித்து வருகிற ஆம்பளைகள் மாதம் ஒரு தடவையாவது அவர்களோடு கூடப் போகலாம். கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வக்கீல் ஆபீஸ் ஏறி இறங்கலாம். "நீ போய்ட்டு வாமா" என்று சொல்ல மட்டும் ஆளிருக்கிறது.

வெளியே வருகிற நாள் தெரிந்தால் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு கேட்டுக்குப் போங்கள், அந்தப் பைக் பசங்களுக்கு முன்னால் நீங்கள் நில்லுங்கள். ஜாமீன் நிபந்தனைப்படி போடுகிற கண்டிஷன் கையெழுத்துக்கு ஸ்டேஷன் வரை கூடவே போங்கள். வேலை கிடைப்பதுதான் கஷ்டம், கேஸ் இருக்கிறது என்றால் டெலிவரி வேலைக்குக்கூட யோசிக்கிறார்கள். புழலில் சிறைத்துறையே கைதிகளை வைத்து பெட்ரோல் பங்க் நடத்துகிறது, 2023இல் பெண் கைதிகளுக்கென்றும் ஒன்று திறந்தார்கள். நாமும் அங்கே வண்டிக்கு பெட்ரோல் போடுகிறோம், காசைக் கையில் கொடுக்கிறோம், ஒன்றும் ஆகிவிடவில்லை. உள்ளே இருக்கும்போது நம்ப முடிகிறவனை வெளியே வந்த பிறகு நம்ப முடியாது என்பது என்ன நியாயம்? மெக்கானிக் ஷெட், பிரஸ், மீன் ஏலக்கூடம், எது வைத்திருப்பவராக இருந்தாலும் ஒரு பையனுக்கு மூன்று மாதம் வாய்ப்புக் கொடுங்கள்.

முதல் தடவை போகப் போகிறவர்கள் யாராவது இருந்தால், ஆதார் ஒரிஜினலும் ஜெராக்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள், அவனுடைய கேஸ் நம்பரையும் எந்த ஸ்டேஷன் கேஸ் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், என்னென்ன உள்ளே கொடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு அப்புறம் வாங்குங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். மூலக்கடையில் ஏறிக்கொள்ளலாம், சேர்ந்தே போவோம்.