செவிலிய மாணவியின் உதவித்தொகையும் விமான டிக்கெட்டும்

சென்ற வாரம் நம் மாவட்டத்தில் நடந்த உதவித்தொகை விழாவின் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை நான் மீண்டும் பகிரப் போவதில்லை. ஆளுயரக் காசோலை அட்டையோடு நர்சிங் மாணவிகளை மேடையில் நிற்க வைத்துக்கொண்டே, ‘படித்து முடித்ததும் விமானம் ஏறப் போகிறவர்களுக்கு எதற்கு ஊர்ப் பணம்’ என்று சிறப்பு விருந்தினர் சிரித்துக்கொண்டே கேட்டார், கூட்டமும் சிரித்தது. அந்தப் பெண்களும் சிரித்தார்கள். காசோலை இன்னும் கைக்கு வராத நிலையில் அவர்கள் வேறு என்ன செய்திருக்க முடியும்?

அவர் நல்லவர் என்றும், நகைச்சுவையாகச் சொன்னார் என்றும் எனக்கு விளக்கம் எழுதியவர்களுக்கு நன்றி. செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் என் பதில் ஒன்றுதான். நர்சிங் மாணவி படிக்கும்போதே உழைக்கிறாள். அவளுக்குக் கொடுக்கும் உதவித்தொகையில் தானம் என்று சொல்ல ஏதும் இல்லை. நான்காண்டு பி.எஸ்சி. படிப்பில் கணிசமான நேரம் வார்டில்தான் போகிறது. படுக்கை விரிப்பது, வெப்பநிலையும் ரத்த அழுத்தமும் பார்த்து எழுதுவது, படுக்கைப்புண் வராமல் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, மலம் சிறுநீர் எடுப்பது ஆகிய எல்லாவற்றையும் பதினெட்டு வயதில் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறாள். இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் கடைசிப் பருவமே இன்டர்ன்ஷிப். எம்.பி.பி.எஸ். முடித்துப் பயிற்சியில் இருப்பவருக்கு மாதந்தோறும் உதவி ஊதியம் உண்டு, அது அவருடைய உரிமை. எனக்குத் தெரிந்த தனியார் நர்சிங் கல்லூரிகளிலோ, இன்டர்ன்ஷிப் செய்யும் மாணவியே கட்டணம் கட்டிவிட்டு டியூட்டிக்குப் போகிறாள்.

‘ஏற்கெனவே எத்தனையோ திட்டங்கள் இருக்கின்றனவே’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கின்றன, மறுக்கவில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் வரும் மாதம் 1,000 ரூபாய் என் மாணவிகள் பலருக்குப் பேருந்துக் கட்டணமாகவும் நாப்கினாகவும் நோயாளி விவரம் எழுதும் கேஸ் புத்தகமாகவும் மாறுவதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் மற்ற கணக்கையும் பாருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டை 2020இல் மருத்துவப் படிப்புக்குக் கொண்டு வந்தார்கள். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று நீட்டினார்கள். இந்த இரண்டு சட்டங்களின் பட்டியலிலும் நர்சிங் இடம்பெறவில்லை. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் 2010இல் திருத்திய விகிதப்படி, விடுதியில் தங்கும் மருத்துவ மாணவருக்குப் பராமரிப்புப் படி மாதம் 1,200 ரூபாய், நர்சிங் மாணவிக்கு 820 ரூபாய். மருத்துவர் ஆகப் போகிறவருக்குப் பசி அதிகம் என்று கணக்கிட்டார்கள் போலும். அந்த விகிதம் பின்னர் மாறிவிட்டது என்பது எனக்கும் தெரியும், சொல்ல வருவது அந்த மனப்பான்மையைப் பற்றி. 2018இல் வந்த வழிகாட்டுதல் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களை அந்த உதவித்தொகையிலிருந்து விலக்கியது. மேனேஜ்மென்ட் கோட்டா என்றவுடன் பணக்கார வீட்டுப் பிள்ளை உங்கள் நினைவுக்கு வரலாம். அரசுக் கல்லூரிகளின் இடங்கள் குறைவாக இருக்கும் நர்சிங்கில், கவுன்சலிங்கில் இடம் கிடைக்காத கூலித் தொழிலாளியின் மகளும் அந்தக் கோட்டாவில்தான் சேர்கிறாள்.

தொகையைவிடப் பெரிய வேதனை அது வந்து சேரும் நேரம். நான் படித்த காலத்தில் கட்டணம் கட்டாதவர்களின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். உதவித்தொகை வந்துகொண்டிருக்கிறது என்று கல்லூரி அலுவலகத்தில் சொன்னால், ‘வந்ததும் நீயும் வா’ என்பார்கள். கறவை மாடு வாங்கப் போவதாகச் சொல்லி மகளிர் குழுவில் கடன் வாங்கித்தான் அம்மா என் கட்டணத்தைக் கட்டினார். மாட்டைப் பார்க்க வங்கி அதிகாரி வந்த அன்று பக்கத்து வீட்டு அத்தை தன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து எங்கள் கொட்டகையில் கட்டினார், அது என்னவோ நின்ற இடத்தில் நிற்காமல் அதிகாரியின் கோப்பை முகர்ந்துகொண்டே இருந்தது. இன்றும் வீட்டில் சிரிப்போம். உதவித்தொகை வந்தபோது நான் படிப்பை முடித்திருந்தேன், வட்டியோ அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. கட்டண நாள் கடந்து வரும் உதவியை உதவி என்று நான் எப்படிச் சொல்வது?

போலி மாணவர் பட்டியல் காட்டிக் கல்லூரிகள் இந்தப் பணத்தைச் சுருட்டுகின்றன என்பார்கள். உண்மைதான், இமாச்சலப் பிரதேசத்தில் உதவித்தொகை மோசடியை சி.பி.ஐ. விசாரிக்கும் அளவுக்குப் போனது. திருடியது கல்லூரி நிர்வாகம், தண்டனை மாணவிக்கா? இதற்குமேல் அந்த வாதத்துக்கு மரியாதை தர எனக்குப் பொறுமை இல்லை. லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே, டயாலிசிஸ் படிக்கும் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். அவர்களுடைய தொழிலை முறைப்படுத்த ஒரு தேசிய ஆணையச் சட்டம் வருவதற்கே 2021 ஆனது. விழா மேடையில் கேலி செய்வதற்குக்கூட அவர்களை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இப்போது அந்த விமானத்துக்கு வருகிறேன். ஐ.ஐ.டி.யில் மக்கள் வரிப் பணத்தில் படித்துவிட்டுக் கலிபோர்னியா போகிறவரை ஊரே பதாகை வைத்து வழியனுப்புகிறது. செவிலியர்கள் உள்ளிட்டோரை வெளிநாட்டுக்கு அனுப்பத் தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நடத்துகிறது. அரசு அனுப்பினால் சாதனை, அவளாகப் போனால் துரோகமா? அவள் ஏன் போகிறாள் என்று கேட்க அந்த மேடையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு எழுதி அரசு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை செய்து, 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். தனியார் மருத்துவமனைச் செவிலியர் சம்பளம் குறித்து உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதை அடுத்து அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. என்னிடம் படித்துவிட்டுச் சிறு நகர மருத்துவமனைகளில் இரவு டியூட்டி பார்க்கும் பெண்களிடம் அந்தத் தொகையைச் சொன்னால், ‘எந்த நாட்டில் மேடம்?’ என்று கேட்கிறார்கள்.

சேவை என்று பேச வேண்டிய நாளில் எங்களுக்கு வானத்திலிருந்து பூக்கூடக் கிடைத்தது. 2020 மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது மலர் தூவியபோது, முழுக்கவச உடைக்குள் வியர்த்து நின்றவர்களில் என் பழைய மாணவிகளும் இருந்தார்கள். அந்தக் கொரோனா தொற்றுக்காலத்தில் தமிழகத்தில் ஒப்பந்த முறையில் எடுத்த செவிலியர்களுக்கு 2022 டிசம்பர் 31 அன்று பணி நீட்டிப்பு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களில் என்னிடம் படித்த ஒருத்தி அதன் பிறகுதான் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தாள். இப்போது அயர்லாந்தில் இருக்கிறாள், தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை ஒவ்வொரு பருவமும் கடைசி நாளுக்கு முன்பே கட்டிவிடுகிறாள். சிறப்பு விருந்தினர் விரும்பினால் அவளையும் கேலி செய்துகொள்ளட்டும்.