எரிக்கப்பட்ட ஏடுகள்
சோசன் அரசமரபு ஆண்ட காலக் கொரியாவின் எளிய மக்களைப் பற்றிய வரலாற்று ஆய்வை அறிமுகப்படுத்தும் ஒரு கட்டுரையைப் படித்தேன்; அது அரசவைக் குறிப்புகளைவிட 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுதப்பட்ட குடும்பப் பதிவேடுகளுக்கு முதன்மை தருவது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. வரிக்காகவும் கட்டாய உழைப்புக்காகவும் எழுதப்பட்ட அந்த ஏடுகளில்தான், வேறெங்கும் பெயர் பதியாத ஓர் அடிமைப் பெண்ணின் வயதும் பெற்றோரும் உடைமையாளரும் தெரியவருகின்றன. ஆனால், 1801இல் 60,000க்கும் மேற்பட்ட அரசு அடிமைகள் விடுவிக்கப்பட்டபோது அவர்களுடைய அடிமைப் பதிவேடுகள் எரிக்கப்பட்டதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்திருக்கக் கூடாது. அவர்களை விடுவித்த அந்த நெருப்பில் அவர்களைப் பற்றிய சான்றுகளில் பெரும்பகுதியும் போய்விட்டது என்பது என்னை மிகவும் வருத்துகிறது. தனியாரிடம் இருந்த அடிமைகள் 1894 வரை காத்திருக்க நேர்ந்தது. இறைச்சி வெட்டும் தொழிலால் ஒதுக்கப்பட்ட பெக்சோங் மக்களோ, சட்டம் மாறிய பின்னும் இழிவு நீங்காததால், 1923இல் ஜிஞ்சு நகரில் சமத்துவத்துக்கான இயக்கத்தைத் தொடங்கினர்.