கிளிக்கர் சத்தம் நாயைக் கெடுக்காது

ஹட்டன், தலவாக்கலை பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: நாயைப் பழக்கப் பயன்படும் கிளிக்கரின் சத்தம் அதன் காதைக் கெடுக்குமாம், தீனி கொடுத்துப் பழக்கினால் பிறகு தீனி இல்லாமல் அசையாதாம், அடித்தால்தான் அடங்குமாம். மூன்றுமே தவறு.

கிளிக்கர் என்பது 'டிக்' என்று ஒலிக்கும் சின்னப் பெட்டி, அவ்வளவுதான். நாய் உட்கார்ந்த அந்த நொடியிலேயே அழுத்தி, உடனே ஒரு துண்டு அவித்த முட்டை கொடுத்தால், எதற்குப் பரிசு கிடைத்தது என்று அதற்குப் புரிந்துவிடும். பழகியதும் கிளிக்கர் தேவையில்லை, தீனியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். சத்தத்துக்கு மிரளும் நாயா, துணியில் சுற்றி அழுத்துங்கள். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து நாய்க்குட்டி ஒன்று கொழுந்துக் கூடையைக் கண்டாலே பாயும். இப்போது வாசற்படியில் உட்கார்ந்து முகத்தையே பார்க்கிறது, கையில் ரொட்டி இல்லாத நாளிலும்.

அடி விஷயம்தான் மனதுக்குக் கஷ்டம். 2020இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் வந்த போர்த்துக்கல் ஆய்வில், 92 நாய்களில் தண்டித்துப் பழக்கியவற்றிடம்தான் மன அழுத்தம் அதிகம் தெரிந்தது. அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவச் சங்கத்தின் 2021 அறிக்கையும் பரிசு முறையையே பரிந்துரைக்கிறது. இரண்டையும் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள், அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.