புரோக்கர் வீட்டுக் கணக்கு

போன வாரம் எங்கள் புரோக்கர் வாட்ஸாப் குரூப்பில் ஒரு வீடியோ சுற்றியது. கோட்டுப் போட்ட ஒருவர், ரியல் எஸ்டேட் ஏஜென்ட் குடும்பத்தையும் தொழிலையும் எப்படிச் சரிக்கட்டிக்கொண்டு போவது என்று பாடம் எடுக்கிறார். சாயங்காலம் ஆறு மணியானால் போனை அணைத்துவிட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துக்கு மட்டுமாம். அந்த மனுஷன் ஆயுசில் ஒரு சென்ட் இடமாவது முடித்துக் கொடுத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

நான் கேரளாவில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பதினாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பார்ட்டிகளில் பாதிப் பேர் கோயமுத்தூர், பொள்ளாச்சிக்காரர்கள். அவர்கள் எல்லை தாண்டி வந்து தோப்பு பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை. விற்கிறவர் வீட்டில் இருப்பதும் அன்றைக்குத்தான். விலை பேச போன் வருவது ராத்திரி எட்டரைக்கு மேல், அவர்கள் சாப்பிட்டு முடித்து, வீட்டில் கலந்து பேசிய பிறகு. அவர்கள் குடும்பமாக உட்காரும்போதெல்லாம் நான் தட்டை விட்டு எழுந்து வாசலுக்குப் போகிறேன். ஆறு மணிக்குப் போனை அணைத்தால் மறுநாள் காலை அந்த இடத்துக்கு வேறொருத்தர் அட்வான்ஸ் வாங்கியிருப்பார்.

அதனால் நேரம் கொடுக்க முடியவில்லையே என்று எனக்கு அவ்வளவு உறுத்தல் கிடையாது. என் பெண் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடியதை நான் பார்க்கவில்லை, அது ஒன்றுதான் இன்னும் குத்துகிறது. ஆனால் அன்றைக்கு நடந்ததில் ஆண்டு விழா சின்ன விஷயம். முழுதாகச் சொல்கிறேன்.

ஒரு இடம், இருபது சென்ட். சென்ட் ஒன்றரை லட்சம். மொத்தம் 30 லட்சம். கமிஷன் ரெண்டு சதவீதம் என்றால் 60 ஆயிரம். கேரளாவில் அரசாங்கத்துக்கு முத்திரை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3 லட்சம் போகும். அதைக் கட்டும்போது முனகாத பார்ட்டி, நம் 60 ஆயிரத்தைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். அந்த 60-லும் தகவல் சொன்ன டீக்கடைக்காரர், வாங்குகிறவர் பக்கத்துப் புரோக்கர், நடுவில் நுழைந்த இன்னொருத்தர் என்று நாலு பங்கு. எனக்கு 15 ஆயிரம். இந்த 15 ஆயிரத்தை நான் எண்ணி முடித்து, மாட்டுக்கொட்டகைத் தரைக்கு சிமெண்ட் போடலாம் என்று வீட்டில் சொல்லியும் விட்டேன். பத்திரம் ஆகவில்லை, அட்வான்ஸ்தான் கைமாறியிருந்தது. இந்தத் தொழிலில் வீட்டை நாசம் பண்ணுவது இந்த வாய்தான். வராத கமிஷனை வந்ததாகச் சொல்லிவிட்டு, அது வராதபோது முகத்தைக் காட்டாமல் ஊர் சுற்றுகிறோம். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் வேலைப்பளு.

அந்த இடம் முடியவில்லை. ஆதாரத்தில் ‘நிலம்’ என்று எழுதியிருந்தது. (ஆதாரம் என்றால் இங்கே பத்திரம். கோயமுத்தூர் பார்ட்டியிடம் ஆதாரம் கொண்டு வாங்க என்றால் ஆதார் கார்டை நீட்டுவார்கள்.) நமக்கு நிலம் என்றால் எல்லாமே நிலம். கேரள ரெவின்யூ கணக்கில் நிலம் என்றால் நெல் வயல். வீடு கட்ட வேண்டுமென்றால் அது புரயிடமாக, அதாவது வயல் அல்லாத மனை, தோட்ட இடமாக இருக்க வேண்டும். 2008-ல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு டேட்டா பேங்கில் (அரசாங்கத்தின் வயல் பட்டியல்) ஏறிய வயலில் வெளியூர்க்காரர் பண்ணைவீடு கட்டுவது நடக்காத காரியம். வேறு இடமே இல்லாத உரிமைக்காரர் தான் குடியிருக்க வீடு கட்டவே பஞ்சாயத்தில் பத்து சென்ட் வரைதான், அதற்கும் கமிட்டி, விசாரணை. டேட்டா பேங்கிலிருந்து நீக்க ரெவின்யூ அதிகாரிக்கு ஐந்தாம் நம்பர் பாரம் போடலாம், கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீஸ் ரிப்போர்ட் வர வேண்டும். எந்தப் பார்ட்டி அதுவரை காத்திருப்பார்?

தென்னை நின்றது. முப்பது வருஷத் தென்னை. அதைப் பார்த்து நானும் புரயிடம் என்றே நம்பிவிட்டேன். பார்ட்டி பாலக்காட்டில் ஒரு வக்கீலிடம் காட்டி வந்த அன்றைக்குத்தான் ஆண்டு விழா. விற்கிறவர் அட்வான்ஸைச் செலவழித்து முடித்திருந்தார். மூன்று தவணையாகத் திரும்பி வரும்வரை பார்ட்டி கத்தியது என்னிடம் அல்ல. நான் போனை எடுக்கவில்லை என்றால் வீட்டு நம்பருக்கு அடிப்பார், எடுப்பது என் மனைவி. ஒருநாள் பால் கறந்துவிட்டு வந்தவள், கையைக்கூடக் கழுவாமல் கேட்டாள்:

“ஏனுங்க, உங்களுக்கே தெரியாத இடத்துக்கு என்னை எதுக்குங்க பதில் சொல்ல வெக்கறீங்க?”

எனக்குப் பதில் இல்லை. கேட்டதோடு அவள் நிற்கவுமில்லை. அன்று ராத்திரி அந்த ஆதாரத்தை வாங்கி முதல் பக்கத்திலேயே அந்தச் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் தமிழ் மீடியத்தில் படித்தவன், மலையாளத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அவள் மலையாளம் மீடியம். பதினாறு வருஷமாகக் கமிஷனுக்குத் திரிகிற எனக்கு, வீட்டுக்குள்ளேயே ஆதாரம் படிக்கத் தெரிந்த ஆள் இருப்பது உறைக்கவில்லை.

அதற்கப்புறம் எந்த இடம் வந்தாலும் முதலில் அவள் கைக்குப் போகும். ஆதாரம், முன்னாதாரம் (அதற்கு முந்தைய பத்திரம்), கரம் என்கிற நிலவரி கட்டிய ரசீது எல்லாவற்றையும் சத்தமாகப் படிப்பாள், நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்பேன். பெண் பழைய லொக்கேஷன் ஸ்கெட்ச்சின் பின்பக்கத்தில் வீட்டுப்பாடக் கணக்கு போடுவாள். ஒருமுறை டீச்சர் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த இடம், சென்ட் என்ன விலை என்று விசாரித்து அனுப்பினார். அதுவும் முடிந்தது, எட்டு சென்ட்.

என் கருத்து இதுதான், புரோக்கர் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் வீடுதான் நம் ஆபீஸ். பார்ட்டிக்கு டீ போடுவது, போன் எடுப்பது, ஜெராக்ஸைப் பிரித்து வைப்பது, கமிஷன் வராத மாதத்தில் பால் சொசைட்டிப் பணத்தில் அரிசி வாங்குவது எல்லாம் வீட்டுப் பெண்கள். டீக்கடைக்காரருக்கு நாலில் ஒரு பங்கு கொடுக்கிறோம், அவர் சொன்னது ஒரு வாக்கியம். ஆபீஸ் நடத்துகிறவளுக்குப் பங்கே கிடையாது, “நேரம் ஒதுக்குகிறேன்” என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலுக்குக் கூட்டிப்போனால் கணக்கு தீர்ந்துவிடுமா?

லீவைப் பொறுத்தவரை நமக்கு வானமே கொடுத்த ஒன்று இருக்கிறது. ஆடி வந்தால் தமிழ்ப் பார்ட்டி கிரயம் வைக்க மாட்டார். கிட்டத்தட்ட அதே நாட்களில் மலையாளிக்குக் கர்க்கடக மாதம், அவரும் நல்ல காரியம் தொடங்க யோசிப்பார். எல்லையின் ரெண்டு பக்கமும் ஒரே சமயத்தில் படுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் உறவுக்காரர் வீடு, குலதெய்வம் கோயில், பல் ஆஸ்பத்திரி எல்லாம் ஆடிக்குத்தான். கையில் காசு இருக்காது, ஆனால் ஆள் இருப்பேன். ஆவணி ஒன்று, மலையாளக் கணக்கில் சிங்ஙம் ஒன்று பிறந்துவிட்டால் என்னைப் பிடிக்க முடியாது, அதைப் பெண்ணும் புரிந்துகொண்டாள்.

இப்போது என் கமிஷனில் நாலில் ஒரு பங்கு என் மனைவிக்கு. பத்திரம் பதிவாகும்வரை வீட்டில் தொகையைச் சொல்லக் கூடாது என்பதும் அவள் வைத்த சட்டம். போன மாதம் ஒரு பார்ட்டி முழுக் கமிஷனையும் தெரியாமல் அவள் நம்பருக்கே ஜிபே பண்ணிவிட்டார். தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை எனக்கு அனுப்பினாள். எண்ணிப் பார்த்தால் 1,350 ரூபாய் குறைந்தது. மாட்டுத்தீவனத்துக்கு நான் வாங்கியிருந்த கைமாற்றாம்.