பாய் இருக்கே, விரிச்சிட்டுப் போக வேண்டியதுதானே?

சனிக்கிழமையிலிருந்து அந்த வீடியோ எனக்கே நாலு குழுவில் வந்துவிட்டது. சிங்கப்பூரின் லாசரஸ் தீவுக்குப் பக்கத்தில் ஒரு பாய்மரப் படகு நங்கூரம் போட்டு நிற்கிறது. ஒருவர் இன்ஜின் பெட்டிக்குள் தலையை விட்டிருக்கிறார். இடுப்புக்குக் கீழேதான் தெரிகிறது. அதிகம் லைக் வாங்கிய கமெண்ட்தான் இந்தப் பதிவின் தலைப்பு.

காற்று வேணும் தம்பி. காற்று!

இங்கே பாதி நாள் 3 நாட் (மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர்) காற்று வந்தாலே கொண்டாட்டம். எதிரே 2 நாட் நீரோட்டம் இருந்தால், பாயை விரித்த படகின் மூக்கு முன்னால் பார்க்கும், படகு பின்னால் போகும். பின்னால் கப்பல் போகும் வழி. அங்கிருந்து ஐந்து குறும் ஊதல் கேட்கும். சட்டப்படி அதற்கு "உன் உத்தேசம் விளங்கவில்லை" என்று அர்த்தம். சட்டத்துக்கு வெளியே உள்ள அர்த்தம் உங்களுக்கே தெரியும்.

ஆகவே அந்த மனிதர் செய்தது சரி. இன்ஜின் மக்கர் செய்தால் முதல் வேலை நங்கூரம். 8 மீட்டர் ஆழம், ஏறப்போகும் நீர் 2 மீட்டர், படகு முனையின் உயரம் 1 மீட்டர் என்றால் மொத்தம் 11. கயிறு குறைந்தது அதற்கு ஐந்து மடங்கு, 55 மீட்டர் விட வேண்டும். 15 மீட்டர் விட்டுவிட்டு கோப்பி கலக்கப் போகிறவர்கள்தான் அடுத்தவர் படகில் போய் இடிப்பவர்கள். அவர்களை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

"பராமரிக்கத் தெரியாதவன் எதுக்குப் படகு வாங்கணும்?" என்பார்கள். கடலில் மிதந்த பிளாஸ்டிக் பையை அவரா போட்டார்? இன்ஜினைக் குளிர்விக்கப் படகின் அடியில் கடல்நீர் உறிஞ்சும் துவாரத்தை அது அடைத்துக்கொள்ளும். குளிர்நீர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் (நீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்) சில நிமிடம் காய்ந்து சுற்றினாலே இதழ்கள் பிய்ந்துவிடும். இன்ஜினை நிறுத்தி, கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடி, பம்பு மூடியின் ஆறு குட்டித் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். ஐந்தாவது திருகாணி படகின் அடிப்பள்ளத்தில் விழும். விழுந்தே தீரும். புது இம்பெல்லரில் கொஞ்சம் பாத்திரச் சோப்பைத் தடவி, சுற்றும் திசையில் இதழ்களை மடக்கிச் செருக வேண்டும். முக்கியமானது, பிய்ந்த இதழ்களை எண்ணுவது. ஒன்று குறைந்தாலும் குழாயில் தேடுங்கள், இல்லாவிட்டால் அது அங்கேயே அடைத்து இன்ஜின் மறுபடி கொதிக்கும். இவ்வளவும் தலைகீழாக, டீசல் வாடையில். இதைத்தான் பார்த்துச் சிரித்தீர்கள்.

"பணக்காரன் பொழுதுபோக்கு" என்று இன்னொருவர். சரி, இருக்கட்டும். அந்தப் பணக்காரர் படகுக் கழிவறையில் கையால் பம்பு அடிக்கிறார் ஐயா! உப்புநீர் இழுக்க ஒரு நிலை, வெளியேற்ற ஒரு நிலை, ஒவ்வொன்றுக்கும் பதினைந்து இருபது தடவை. என் மச்சான் ஒருமுறை விருந்தாளியாக ஏறி, ஒரு கட்டுத் தாளைப் போட்டுவிட்டு "ஃப்ளஷ் எங்கே?" என்று கேட்டான். மீதியைச் சாப்பிடும் நேரத்தில் படிப்பவர்களுக்காக விடுகிறேன்.

அடுத்து வருவது சோழர் பரம்பரை. "1025-லேயே கடாரம் போன இனம்டா!" போனோம். ஆனால் அந்தக் காலத்துப் பாய்க்கப்பல்கள் பருவக்காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் துறைமுகத்தில் காத்துக் கிடந்தவை. இந்த மனிதர் ஒரு மணி நேரம் நின்றார், அதற்கே இத்தனை கேலி. விடியற்காலை சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயல்காற்று அடிக்கும்போது வாருங்கள், காற்றுக்குக் குறையே இருக்காது. அப்போது பாயை விரிக்க அல்ல, சுருட்டத்தான் ஆள் தேவைப்படும்.

கமெண்ட் போட்ட தம்பி இதைப் படித்தால், எந்த ஞாயிறும் ஏறிக்கொள்ளலாம். சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வர வேண்டாம்.